ஒரு ‘க்கு’ கூடுதல்

பிப்ரவரி 9

சம்பந்தி அவர்களுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலம்தானே. நான் ஊர் வந்து சேர்ந்து இரண்டு நாள் ஆகிறது, மனசு மட்டும் இன்னும் உங்கள் வீட்டு மாடிப்படியிலேயே நிற்கிறது.

கிளம்புகிற அவசரத்தில் பெட்டியை இறக்க வழி வேண்டுமே என்று மூன்றாம் படியில் இருந்த தொட்டியை நகர்த்தப் போனேன் அல்லவா. இருபது வருடமாக நர்சரியில் தொட்டி தூக்குகிறவள் நான். அந்த அளவுத் தொட்டி என்றால் இருபத்திரண்டு கிலோ இருக்கும் என்று என் இடுப்புக்கே தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் தொட்டி நேராக என் மூக்குக்கு வந்துவிட்டது. விழுந்திருப்பேன். மண்ணை ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தேன், புது மழை பெய்த மாதிரி அப்படி ஒரு வாசனை. நடுநடுவே கறுப்பாகச் சில்லுச் சில்லாக ஏதோ இருந்தது. “அது நம்ம கரிங்க” என்றீர்கள். அதற்குள் டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்துவிட்டான்.

எனக்கு அந்தக் கரி வேண்டும். காரணம் சொல்கிறேன். இங்கே மருத்துவமனையில் பிள்ளைகள் வார்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே மொட்டை மாடிதான், வெறும் சிமெண்ட். அங்கே இருநூற்று நாற்பது தொட்டி வைக்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது. ஆனால் பழைய கட்டடம். தண்ணீர் ஊற்றி நனைந்த தொட்டி பதினாலு கிலோவுக்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் ஏற்றக் கூடாது என்கிறார் இன்ஜினியர். முடியாவிட்டால் பிளாஸ்டிக் செடி வைத்துவிடலாம் என்று ஒரு புத்தகத்தையும் விரித்துக் காட்டினார். பளபளவென்று படங்கள். படுத்துக் கிடக்கிற பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்க்க ஒரு பூ பூக்க வேண்டாமா, ஒரு இலை உதிர வேண்டாமா? உயிருள்ள செடிதான் வைப்பேன் என்று எல்லோர் முன்னாலும் வாயைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மே பதினைந்துக்குள் வைத்துக் காட்ட வேண்டும்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நான் ‘கரி’ என்றால் நீங்கள் ‘சரி’ என்கிறீர்கள். உங்கள் மருமகளை நடுவில் வைத்தால் பாதியை மறந்துவிட்டு மீதியை மாற்றிச் சொல்லுவாள், என் மகள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். அதனால் கடிதம். கரி எப்படிச் செய்கிறீர்கள், எவ்வளவு போட வேண்டும், என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி அம்மா

*

பிப்ரவரி 16

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. மேஜையில் உட்கார்ந்து நான்கு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன், இது ஐந்தாவது. முப்பத்தோரு வருடம் பாய்லர் ஓட்டினேன். காதை அது எடுத்துக்கொண்டது, பதிலுக்கு நெருப்பைப் பற்றி நாலு விஷயம் கற்றுக்கொடுத்தது. பாய்லர் அறையைப் பூட்டிய பிறகு அந்த நாலு விஷயத்தை என்னிடம் கேட்டவர் தாங்கள் ஒருவர்தான். என் வீட்டுக்காரி எனக்குக் ‘கரிச்சட்டி’ என்று பெயர் வைத்திருக்கிறாள்.

பெரிய டிரம்முக்குள் சின்ன டிரம். பக்கத்துத் தெரு நாற்காலிப் பட்டறையில் கழித்துப் போடும் மரத்துண்டுகளைச் சின்னதில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, சுற்றிலும் நெருப்பு வைக்க வேண்டும். புகை போக அடியில் சின்ன ஓட்டை மட்டும். உள்ளே இருக்கிற மரம் எரியாது, வேகும். எரிந்தால் சாம்பல், வெந்தால் கரி, அவ்வளவுதான் வித்தை. நன்றாக வெந்த துண்டு தட்டினால் கண்ணாடி மாதிரி ஒலிக்கும் என்று மருமகள் சொல்கிறாள், எனக்குக் கேட்காது. விரலால் நொறுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். உள்ளே கண்ணுக்குத் தெரியாத பொந்துகள் ஆயிரம், அதனால்தான் கனமில்லை. தண்ணீரையும் அந்தப் பொந்துகளில்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது.

குளியலறைக்குப் பின்னால் இரண்டு வருடக் கரி சேர்ந்து கிடக்கிறது. இருபது மூட்டை கட்டி லாரியில் போட்டிருக்கிறேன். பிரிக்கும்போது முதலில் தண்ணீர் தெளித்துவிடுங்கள், தூசு மூச்சில் போகக் கூடாது. கடலைப் பருப்பு அளவுக்கு நொறுக்கினால் போதும், மாவாக்க வேண்டாம். சாம்பல் ஒட்டியிருந்தால் ஒருமுறை அலசுங்கள், இல்லாவிட்டால் மண் காரமாகிவிடும். கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கரி வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். தொட்டியில் போடுவதற்கு முன் கரியைக் கட்டாயம் ஊற வைக்க வேண்டும். கணக்கு என்னவென்றால், பத்துக்கு ஒன்றுக்கு. தண்ணீர் பத்து. மூடி போட்டு இரண்டு வாரம். இதைத் தங்களுக்கு எழுதுவதற்கே கை வரவில்லை, மன்னிக்கவும். ஆண் ஆட்களிடம் சொல்லிவிட்டால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தாங்கள் நேரில் நிற்க வேண்டிய அவசியமில்லை. முதலில் வாசனை வரும், பயப்பட வேண்டாம், போகப் போக அடங்கிவிடும்.

வெற்றி தங்களுடையதே.

இப்படிக்கு,
சம்பந்தி

*

மார்ச் 8

சம்பந்தி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் கறுப்பு விரல் ரேகை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். மூன்று வாரமாக நான் தொட்டதெல்லாம் கறுப்பு. நர்சரியில் வேலை செய்யும் பெண்பிள்ளைகள் நாலு பேர், ஆண் ஆட்கள் இரண்டு பேர், எல்லோருக்கும் பல் மட்டும்தான் வெள்ளை.

நீங்கள் சொன்னபடியே அச்சுப் பிசகாமல் செய்தேன். தண்ணீர் தெளித்து, நொறுக்கி, அலசி, எட்டு டிரம்மில் ஊற வைத்தேன். கணக்குப்படி தண்ணீர் பத்து. ஆண் ஆட்கள் இரண்டு பேரிடமும் சொன்னேன், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிவிட்டார்கள். நிற்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள், எனக்கு யாரையும் நம்பி விட்டுப் பழக்கமில்லை, பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு டிரம்மாக அளந்து ஊற்ற வைத்தேன். இதில் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் புரியவில்லை. வாசனை வரும் என்றீர்கள், மருந்துக்குக்கூட வரவில்லை. அவ்வளவு சுத்தமான கரி.

நேற்றுக் கலந்தோம். மண் ஒன்று, தென்னை நார்த்தூள் மூன்று, கரி ஒன்று. முதல் தொட்டியை நிரப்பி, தண்ணீர் கீழே வழிகிற வரைக்கும் ஊற்றி, தராசில் வைத்தேன். பதின்மூன்றே கால் கிலோ. தராசு கெட்டுவிட்டதோ என்று நானே ஏறி நின்று பார்த்தேன். தராசு கெடவில்லை, அந்த எண்ணை உங்களுக்கு எழுதுவதாக இல்லை.

சம்பந்தி, எனக்குத் தூக்கமே வரவில்லை. இருநூற்று நாற்பதும் நடுவதற்கு இன்னும் நான்கு நாள் ஆகும்.

உங்கள் சம்பந்தி அம்மா

*

மார்ச் 14

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

பதின்மூன்றே கால் என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

தாங்கள் நேரில் நின்று அளந்து ஊற்ற வைத்ததாக எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்தேன். தொழில் என்று வந்துவிட்டால் தாங்கள் எதற்கும் கூச்சப்படுவதில்லை என்று தெரிகிறது. என்னால் முடிந்திருக்காது. எட்டு டிரம்முக்கு இரண்டு ஆட்கள் எப்படிப் போதுமானார்கள் என்றும் யோசித்தேன், ஆனால் அதை விசாரிப்பது முறையாகாது. வாசனை வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். தங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி போலிருக்கிறது.

இப்படிக்கு,
சம்பந்தி

*

ஏப்ரல் 2

ஐயா,

இருநூற்று நாற்பது செடியும் மஞ்சள்.

முதலில் கீழ் இலை வெளுத்தது, வேர் பிடிக்கட்டும் என்று விட்டேன். அப்புறம் நடு இலை. வாராவாரம் உரத் தண்ணீர் ஊற்றினேன், ஊற்றிய சுவடே இல்லை. ஒன்றை வேரோடு எடுத்துப் பார்த்தேன், அழுகலும் இல்லை, பூச்சியும் இல்லை. பசியால் வாடுகிற செடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் கரி போடாத சாதாரண மண்ணில் அதே நாற்று முழங்கால் உயரம் நிற்கிறது.

இன்ஜினியர் நேற்று வந்தார். அந்தப் புத்தகத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உங்கள் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிற ஒவ்வொன்றையும் நான் செய்தேன். ‘பத்துக்கு ஒன்று’ என்று எழுதுவதற்குப் பதில் ‘ஒன்றுக்கு’ என்று ஒரு ‘க்கு’ கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள், அதையும் கைத்தவறு என்று திருத்திப் படித்துக்கொண்டேன். தண்ணீர் பத்து, கரி ஒன்று. இதில் நான் எங்கே தவறினேன் என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் படியில் நாலு தொட்டி நன்றாக வந்தால் அது பொழுதுபோக்கு. எனக்கு இது பிழைப்பு, அதைவிட மேலாக ஊரறியக் கொடுத்த வாக்கு. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

இனி நம் பேச்சு பிள்ளைகள் நலம் விசாரிப்பதோடு நிற்கட்டும்.

*

ஏப்ரல் 6

சம்பந்தி அம்மாவுக்கு,

தங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் இரண்டு தடவை எனக்கும் கோபம் வந்தது. பொழுதுபோக்கு என்ற வார்த்தை சுட்டது, அதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் தடவை நான் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். சிவப்புக் கோட்டுக்கு மேலே என் கையெழுத்து. எனக்குச் சரியாகத்தான் பட்டது. வீட்டுக்காரியிடம் கொடுத்து, இதில் என்ன தப்பு என்று கேட்டேன்.

அவள் படித்தாள். என் காதுக்காக அவள் எப்போதும் உரக்கத்தான் பேசுவாள். இன்றைக்கு இன்னும் உரக்கப் பேசினாள்.

“பத்துக்கு ஒன்றுக்குன்னு எழுதினா அந்த அம்மாவுக்கு என்னங்க புரியும்? மூத்திரம்னு எழுத வேண்டியதுதானே. சம்பந்தியம்மாகிட்ட கூச்சப்பட்டுக்கிட்டு எரநூத்தி நாப்பது செடியைப் பட்டினி போட்டுட்டீங்க.”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

அம்மா, அந்த ‘க்கு’ கைத்தவறு அல்ல. நான் எழுதியது அந்த ‘ஒன்றுக்கு’. தண்ணீர் பத்து அளவு, அது ஒரு அளவு. அதற்குத்தான் ஆண் ஆட்கள். அதற்குத்தான் தாங்கள் நேரில் நிற்க வேண்டாம் என்றேன். அதற்குத்தான் வாசனை. மருமகளின் தாயாருக்கு எந்த முகத்தோடு அந்த வார்த்தையை எழுதுவது என்று நான்கு தாளைக் கிழித்தவன், ஐந்தாவது தாளில் அதை மழுப்பி எழுதிவிட்டேன். தவறு முழுக்க முழுக்க என்னுடையது.

இப்போது நடந்தது இதுதான். புதுக் கரி வெறும் வயிற்றோடு வருகிறது. முதலில் அதற்குச் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் செடிக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். வெறும் தண்ணீரில் ஊறிய கரி பசியோடு தொட்டிக்குள் போயிற்று. தாங்கள் ஊற்றிய உரத்தையெல்லாம் செடிக்கு முன்னால் அதுவே தின்றுவிட்டது. ஆனால் தின்றது எங்கேயும் போகவில்லை, அந்தப் பொந்துகளுக்குள்தான் இருக்கிறது. வயிறு நிறைந்துவிட்டால் அது பரிமாற ஆரம்பித்துவிடும். அதனால் நிறுத்தாதீர்கள். தொட்டியைக் கவிழ்க்காதீர்கள். வாரம் ஒரு தடவை போதாது, தினமும் ஊற்றுங்கள். அதுதான் வேண்டும் என்றில்லை, சத்துள்ள எந்தத் தண்ணீரானாலும் சரி.

என் மேல் கோபம் இருக்கட்டும். செடிகளை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்.

சம்பந்தி

*

ஏப்ரல் 10

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதத்தை நர்சரி வாசலில் நின்று படித்தேன். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெண்பிள்ளைகள் துக்கச் செய்தி என்று நினைத்து ஓடி வந்தார்கள், நான் சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டிருந்தேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம்.

நான் பக்கத்தில் நின்று அளந்து ஊற்ற வைத்தேன் என்று எழுதியதைப் படித்து ஒரு வார்த்தை கேட்காமல், என் தைரியத்தை மெச்சி ஒரு கடிதம் போட்டீர்களே. அது எப்படி ஐயா முடிந்தது? அப்புறம் இன்னொன்று. அன்றைக்கு உங்கள் படியில் நான் ஒரு கை மண்ணை அள்ளி மூக்கில் வைத்து, மழை வாசனை என்று சொன்னேனே. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

பிள்ளைகள் வார்டுக்கு உங்கள் முறை சரிப்படாது. என்னிடம் ஒரு வருடம் மக்கிய உரம் இருக்கிறது. சாக்கில் கட்டி, தண்ணீர் டிரம்மில் தொங்கவிட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை கலக்கிவிடுகிறோம். காப்பி டிகாஷன் நிறத்தில் இறங்குகிறது. நாளை காலையிலிருந்து தொட்டிக்கு இரண்டு குவளை. இருநூற்று நாற்பதுக்கும் நானே ஊற்றப் போகிறேன், இந்த முறையும் நேரில் நின்று.

முப்பத்தைந்து நாள் இருக்கிறது. மஞ்சளாகிப் போன இலை திரும்பப் பச்சையாகாது, புதுத் துளிர் பச்சையாக வந்தால்தான் உண்டு. வராவிட்டால் பிளாஸ்டிக்தான்.

சம்பந்தி அம்மா

*

ஏப்ரல் 24

சம்பந்தி அம்மாவுக்கு,

பதில் இல்லை. மருமகளைக் கேட்டால் “அம்மா வேலையா இருக்காங்க மாமா” என்கிறாள். நான் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன், அவருக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. துளிர் என்ன நிறம்? ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

சம்பந்தி

*

ஏப்ரல் 28

பச்சை.

(கையெல்லாம் ஈரம், மீதி அப்புறம்.)

*

மே 18

சம்பந்தி அவர்களுக்கு,

இப்போது கை காய்ந்துவிட்டது. முதலிலிருந்து சொல்கிறேன், அவசரப்படாமல் படியுங்கள்.

பதினேழு நாள் ஊற்றியும் ஒன்றும் நடக்கவில்லை. உங்கள் கரிக்கு வயிறா கிணறா என்று திட்டிக்கொண்டே ஊற்றினேன். பதினெட்டாம் நாள் காலை வடக்கு வரிசையில் ஒரே ஒரு நுனி. என் கண்ணை நம்பாமல் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு “இது என்ன நிறம்?” என்று கேட்டேன், உங்களுக்குப் போட்ட கடிதம் அவள் சொன்ன பதில்தான். அதற்கப்புறம் நிற்கவே இல்லை. ஒரு வாரத்தில் எல்லாத் தொட்டியும் கிளம்பிவிட்டது. உரத் தண்ணீரை நிறுத்திய பிறகும் துளிர்க்கிறது. தின்றதைப் பரிமாறும் என்று எழுதினீர்களே, பரிமாறுகிறது சம்பந்தி. மாடி ஏறுவதற்கு முன்பே வேலிக்கு அந்தப் பக்கச் செடிகளை இவை எட்டிப் பார்த்துவிட்டன.

மஞ்சளை எல்லாம் கிள்ளி எறிந்துவிட்டு, பதினான்காம் தேதி மாடியில் ஏற்றினோம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. என் ஆட்கள் ஆளுக்கு இரண்டு தொட்டியாகப் படியேறினார்கள்.

மறுநாள் இன்ஜினியர் வந்தார். தராசு கொண்டுவர மறந்துவிட்டார். உடனே ஒரு நர்ஸ் வார்டுக்குள் போய்ப் பிள்ளைகளை எடை பார்க்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஜன்னலில் ஒன்பது தலை. நன்றாகத் தண்ணீர் ஊற்றி, அவர் கை காட்டிய தொட்டியை வைத்தோம். பதின்மூன்று கிலோ முந்நூறு. இன்னொன்று, பதின்மூன்று இருநூறு. ஆறு தொட்டி பார்த்தார். ஏழாவதை அவரே தூக்கினார், என்னை மாதிரியே மூச்சைப் பிடித்துக்கொண்டு. தொட்டி அவர் கண்ணாடியில் இடித்தது. ஜன்னலில் ஒரே கூச்சல்.

அவரும் லேசில் விடவில்லை. சனி, ஞாயிறு தண்ணீர் ஊற்ற ஆள் வராது, அதையும் பார்த்துவிடுவோம் என்று குழாயைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். என்ன வெயில் தெரியுமா இந்த இரண்டு நாளும்? நான் சாப்பிடவில்லை. இன்று காலை ஏழு மணிக்கு அவரோடு படியேறினேன். ஒரு செடி தலை தொங்கவில்லை. விரலை உள்ளே விட்டுப் பார்த்தார், கறுப்பாக, ஈரமாக வெளியே வந்தது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே, “கீழ் மாடிக்கும் ஒரு நூத்தம்பது வச்சிடுங்க” என்றார். அந்தப் புத்தகத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

மருத்துவமனை ஸ்டோர்காரர் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு அட்டை கட்டுகிறார், என்ன செடி, என்ன கலவை என்று. கலவைக்குப் பெயர் கேட்டார். நான் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன், அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். அட்டை ஒன்று இதோடு இருக்கிறது.

பொழுதுபோக்கு என்று எழுதினேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பேச்சு நிற்கட்டும் என்று எழுதியதையும்தான்.

உங்கள் சம்பந்தி அம்மா

*

மே 23

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நூற்றைம்பது தொட்டிக்குப் பதின்மூன்று மூட்டை போதும். நேற்றிலிருந்து டிரம் எரிகிறது. இந்த முறை நானே ஊற வைத்து அனுப்புகிறேன். எதில் என்று வார்த்தையாகவே எழுதிவிடுகிறேன்: மக்கிய உரம் கரைத்த தண்ணீர். மூட்டை மேலும் எழுதி ஒட்டுவேன்.

அட்டை கிடைத்தது. கண்ணாடி கைக்கு அகப்படாததால் வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். அவள் என் காதருகே வந்து படித்தாள்.

“சம்பந்தி கலவை.”

“என்ன?” என்றேன். இன்னும் உரக்கப் படித்தாள். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, சரியாகக் கேட்கவில்லை என்றேன். மூன்றாம் தடவை அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, இந்தத் தடவை மூடவில்லை. நான்காம் தடவை கேட்டபோதுதான் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். அட்டையை என் சட்டைப்பையில் சொருகிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவளிடம் சொல்லவில்லை, தங்களிடம் சொல்கிறேன். முதல் தடவையே கேட்டுவிட்டது.

இப்படிக்கு,
சம்பந்தி